தவக்காலத்தில் பாலை விலக்கியது: மாடு வற்றியதாலா, திருச்சபை விதித்ததாலா?

ஏட்டுச்சுவடி:

நம் ஊரில் ஏகாதசியானாலும் சஷ்டியானாலும் சோற்றை விட்டவர்களுக்குப் பாலும் பழமும்தான் துணை. நடுக்கால ஐரோப்பாவில் இது நேர்மாறு. தவக்காலம் என்ற நோன்புக் காலத்தில், அதாவது திருநீற்றுப் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரை, இறைச்சியோடு பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி, முட்டை எல்லாமே விலக்கு. ஞாயிற்றுக்கிழமையில்கூட இந்த விலக்கு தளரவில்லை.

இதை வெறும் மதக் கட்டுப்பாடு என்று ஒதுக்கிவிட முடியாது என்பது என் வாதம். மாட்டின் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். இங்கிலாந்திலும் வட பிரான்சிலும் கோடையில் காளை சேரும், மார்ச் ஏப்ரலில் பசு ஈனும். சினையின் கடைசி மாதங்களில் பால் வற்றிவிடும். அதே நாட்களில் தொழுவத்தில் உலர்புல்லும் வைக்கோலும் தீர்ந்துகொண்டிருக்கும். மிஞ்சியதிலும் முதல் பங்கு உழவெருதுக்கு, ஏனென்றால் ஓட்ஸும் பார்லியும் விதைக்க ஏர் பூட்டியாக வேண்டும்.

13ஆம் நூற்றாண்டில் பண்ணை நிர்வாகம் பற்றி எழுதிய ஹென்லி வால்டர் ஒரு கணக்குச் சொல்கிறார். உப்புச் சதுப்பில் மேயும் தரமான 2 பசுக்கள், அல்லது காட்டிலும் அறுவடைத் தாளிலும் மேயும் 3 பசுக்கள், ஒரு 'வே' பாலாடைக்கட்டியும் வாரத்துக்கு அரை காலன் வெண்ணெயும் தர வேண்டும். ('வே' என்பது ஊருக்கு ஊர் மாறிய ஒரு பேரெடை.) எந்தக் காலத்துக்கு? ஈஸ்டர் முதல் செப்டம்பர் 29, புனித மிக்கேல் திருநாள் வரைக்கும். ஈஸ்டருக்கு முந்தைய நாட்களை அவர் சேர்க்கவே இல்லை. கறக்கவே ஒன்றுமில்லாத காலத்தில் பாலை விலக்கச் சொல்வது எளிது. இயற்கையாக வந்த பற்றாக்குறைக்குத் திருச்சபை ஒரு புனிதமான பெயர் கொடுத்தது என்றே நான் பார்க்கிறேன். மறுப்பவர்கள் எழுதுங்கள்.

கல்வெட்டு:

மறுக்கிறேன், முழுமையாகவே.

பால் வற்றும், சரி. பாலாடைக்கட்டி வற்றுமா? ஜூலையில் செய்த கட்டி மார்ச்சிலும் பரணில் இருக்கும். உப்பிட்டுப் பானையில் அடைத்த வெண்ணெயும் அப்படியே. தானியம் குறைந்து கீரையும் முளைக்காத பிப்ரவரி, மார்ச்சில் ஒரு குடியானவன் வீட்டில் மிஞ்சியிருக்கும் கொழுப்பும் புரதமும் இவைதான். பற்றாக்குறையைச் சமாளிக்க வந்த விதியாக இருந்தால் "சேமித்ததைத் தின்று பிழைத்துக்கொள்" என்று சொல்லியிருக்கும். இந்த விதியோ சேமித்ததைத் தொடாதே என்கிறது.

இன்னொன்று. நிலவைக் கணக்கிட்டு வருவதால் ஈஸ்டர் நிலையான தேதி இல்லை. மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த நாளிலும் விழும். ஆக, ஓராண்டில் பிப்ரவரி 4இலேயே நோன்பு தொடங்கும், இன்னோராண்டில் ஏப்ரல் 24 வரை நீளும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் புல் எழுந்துவிட்டது, கன்று பிறந்துவிட்டது, மடி நிறைந்திருக்கிறது. அப்போதும் விலக்குத்தான். மாட்டைப் பார்த்து எழுதிய விதி நிலவைப் பார்த்து நகராது.

தொழுவம்:

வணக்கமுங்க. நான் வரலாறு படிச்சவன் இல்லை, மாடு வெச்சிருக்கிறவன். ரெண்டு பேரும் விட்டுட்ட ஒரு இடம் இருக்குதுங்க.

மாடு ஈன்ற பிறகு கறக்காம விட முடியாது. கன்று குடிச்சது போக மீதியை எடுக்கலைன்னா மடி கட்டிக்கும், மடிநோய் வரும், ரெண்டு வாரத்துல பாலும் சுண்டிரும். அதனால நோன்பு நாளுன்னாலும் கறவை நின்றிருக்க வழியே இல்லைங்க. முதல் நாலஞ்சு நாள் சீம்பால், அது கன்றுக்கு. அதுக்குப் பிறகு வர்ற பாலை என்ன பண்ணியிருப்பாங்க? குடிக்கக் கூடாது. அப்போ கடைஞ்சு வெண்ணெய் எடுத்து உப்புப் போட்டு வெச்சிருப்பாங்க, இல்லைன்னா கட்டியாக்கியிருப்பாங்க. சாப்பிடுறதைத்தானே தடுத்தாங்க, செய்யறதைத் தடுக்கலையே.

எத்தியோப்பியாவுல இன்னைக்கும் இது நடக்குதுங்க. அங்க ஆர்த்தடாக்ஸ் சபைக்காரங்க ஈஸ்டருக்கு முன்னாடி 55 நாள் பால் தொடமாட்டாங்க. அந்த நாட்கள்ல பாலுக்கு வாங்க ஆள் குறைஞ்சுபோகும். பால்காரங்க அதை வெண்ணெயாக்கி வெச்சு, நோன்பு முடிஞ்சதும் விக்கிறாங்க. நோன்பு பாலைத் தடுக்கறதில்லை, பாலோட வடிவத்தை மாத்துது. அந்தக் காலத்து இங்கிலாந்துலயும் அப்படித்தான் நடந்திருக்கணும்னு என் மாட்டைப் பார்த்துச் சொல்றேனுங்க.

ஆனா ஏட்டுச்சுவடி அண்ணன் சொல்ற ஒரு விசயம் சரி. பிப்ரவரியில வத்தக்கறவை மாட்டுல ஒரு சொம்பு தேறினா பெரிசு. உலர்புல்லை நம்பி நிக்கிற மாடு அது. இன்னைக்கு இருக்கிற கலப்பின மாட்டை மனசுல வெச்சு யாரும் கணக்குப் போடாதீங்க.

அடுப்பங்கரை:

எல்லாரும் மாட்டையே பார்க்கிறீர்கள், அடுப்பைப் பாருங்கள். அடுப்பில்தான் இந்த விதி யாரைச் சுட்டது என்று தெரிகிறது.

பணக்கார வீட்டில் தவக்காலம் வந்தால் வாதுமைப் பால் வந்துவிடும். வாதுமையை வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, உரலில் இடித்து, வெந்நீர் விட்டு ஊறவைத்துத் துணியில் வடிகட்டுவார்கள். 1390 வாக்கில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் தொகுத்த குறிப்புகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது. அதே காலத்துப் பாரீஸ் வீட்டுக் குறிப்புகளிலும் உண்டு. அரிசியோடு சேர்த்துக் கஞ்சி, மீனோடு சேர்த்துக் குழம்பு, புளிப்பு விட்டுத் திரட்டி வெண்ணெய் மாதிரி, அதையே கட்டி பிடித்துப் பாலாடைக்கட்டி மாதிரி என்று எத்தனை விதம்! அந்தச் சமையற்காரர்களின் கைத்திறனை நான் மனதாரப் பாராட்டுவேன். இன்று கடையில் விற்கும் வாதுமைப் பாலை ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் வாதுமை இங்கிலாந்தில் விளையாது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கப்பலேறி வர வேண்டும். அரிசியும் சர்க்கரையும் அப்படித்தான். அதே காலத்து ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய கதையொன்றில் ஓர் ஏழைக் கைம்பெண் வருகிறாள். 3 பன்றி, 3 பசு, ஒரு செம்மறி, ஒரு சேவல், 7 பெட்டைக்கோழி, இவ்வளவுதான் அவள் சொத்து. அவள் மேசையில் பெரும்பாலும் இருப்பது பாலும் கறுத்த ரொட்டியும், சில நாள் பன்றிக் கொழுப்பு வறுவல், எப்போதாவது ஒன்றிரண்டு முட்டை. கதைதான், ஆனால் அந்தக் காலத்து வாசகர் நம்பும்படி எழுதிய கதை. தவக்காலத்தில் அவள் மேசையிலிருந்து பாலை எடுங்கள், முட்டையை எடுங்கள், பன்றிக் கொழுப்பை எடுங்கள். மிஞ்சுவது ரொட்டி. பட்டாணிக் கூழும் உப்புக் கருவாடும் கிடைத்தால் அவள் பாக்கியம். ஒரே விதி ஒரு வீட்டில் புதுப் பலகாரமாகிறது, இன்னொரு வீட்டில் பசியாகிறது.

பனிமயம்:

நான் கத்தோலிக்கக் குடும்பம், தூத்துக்குடிப் பக்கம். ஒருசந்தியும் (நாளுக்கு ஒரே வேளை உணவு) சுத்தபோசனமும் (இறைச்சி போன்றவற்றை விலக்குவது) பார்த்து வளர்ந்தவன். அதனால் இந்த இழையைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. நோன்பு என்பது வசதிக்காக வந்ததா, ஏழையை வதைக்க வந்ததா என்று மட்டும் பேசுகிறீர்கள். அதை நம்பிக் கடைப்பிடித்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

13ஆம் நூற்றாண்டில் இறையியல் அறிஞர் புனித தோமா அக்குவினார் இந்தக் கேள்வியையே எடுத்துப் பேசுகிறார்: நோன்பிருப்பவர் இறைச்சியோடு முட்டையையும் பாலுணவையும் ஏன் விலக்க வேண்டும்? அவர் விடை தெளிவானது. உடலின் வேட்கையை அடக்குவது நோன்பின் நோக்கம். தரையில் வாழும் விலங்குகளின் இறைச்சியும் அவற்றிலிருந்து வருபவையும் நாவுக்கு மிகவும் இனிப்பவை, உடலுக்கு மிகவும் ஊட்டம் தருபவை. ஆகவே அவற்றை விடுகிறோம். எல்லா நோன்பிலும் இறைச்சி விலக்கு. பாலும் முட்டையும் பொதுவாக எல்லார்க்கும் விலக்கு என்பது தவக்காலத்துக்கு மட்டும். மற்ற நோன்பு நாட்களில் அந்தந்த ஊர் வழக்கப்படி என்கிறார். ஆண்டவருடைய பாடுகளை நினைக்கும் காலம் என்பதால் தவக்காலம் கடுமையானது.

ஏழையை வதைக்கும் விதி என்ற அடுப்பங்கரை அக்காவுக்கும் அதே நூலில் பதில் இருக்கிறது. குழந்தைகள், கடும் உழைப்பாளிகள், யாத்திரிகர்கள், பிச்சையெடுத்து உண்பவர்கள் ஆகியோரை நோன்பு முழுமையாகக் கட்டுப்படுத்தாது என்று அவர் விரிவாகவே பேசுகிறார்.

கல்வெட்டு:

பனிமயம், அக்குவினாரை நீங்கள் நேர்மையாகச் சுருக்கியிருக்கிறீர்கள். ஆனால் ஓரிடத்தில் இரண்டைக் கலக்கிறீர்கள். உழைப்பாளிக்கும் ஏழைக்கும் அவர் தரும் தளர்வு ஒருசந்திக்கு. அதாவது நாளுக்கு ஒரே வேளை உண்ண வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்கு. ஏர் ஓட்டுபவன் இரண்டு வேளை உண்ணலாம். இரண்டு வேளையும் என்ன உண்ணலாம் என்பதில் அவனுக்குச் சலுகை இல்லை. சுத்தபோசனம் அவனையும் கட்டியது. நோயாளிக்குத்தான் அதில் தளர்வு.

வரலாற்றையும் பாருங்கள். இந்த விதி என்றென்றும் இப்படி இருக்கவில்லை. 800 வாக்கில் பிராங்கு மன்னர் சார்லமேன் தன் பண்ணைகளுக்கு அனுப்பிய ஆணையில், தவக்கால உணவில் மூன்றில் இரண்டு பங்கை அரண்மனைக்கு அனுப்பச் சொல்லி ஒரு பட்டியல் கொடுக்கிறார். காய்கள், மீன், தேன், கடுகு, காடி, தினை. அதே பட்டியலில் பாலாடைக்கட்டியும் வெண்ணெயும் இருக்கின்றன! தவக்கால உணவாகவே இருக்கின்றன. திருத்தந்தையிடமிருந்து முடிசூட்டிக்கொண்ட பேரரசரின் பண்ணையில் வெண்ணெய் நோன்பு உணவு.

பிறகு 1140 வாக்கில் கிராசியன் என்ற சட்ட அறிஞர் தொகுத்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில், பழைய திருத்தந்தை மகா கிரகோரியார் பெயரில் வழங்கிய ஒரு கூற்று இடம்பெறுகிறது. இறைச்சியையும் இறைச்சியிலிருந்து வரும் பால், பாலாடைக்கட்டி, முட்டையையும் விலக்கு என்கிறது அது. தொகுப்பு பல்கலைக்கழகங்களில் பாடமானதும் விதி வடக்கெங்கும் இறுகியது. 800க்கும் 1140க்கும் நடுவில் மாட்டின் சினைக்காலம் மாறவில்லை, ஏட்டுச்சுவடி. சட்டம்தான் மாறியது.

ஏட்டுச்சுவடி:

சார்லமேன் பட்டியல் எனக்கு எதிரானது இல்லை, எனக்குத்தான் சாதகம். விதி மேலிருந்து வந்தது என்றால் தொடக்கத்திலிருந்தே ஒரே மாதிரி இருந்திருக்கும். அது ஊருக்கேற்ப வளைந்தது என்பதைத்தான் அந்தப் பட்டியல் காட்டுகிறது.

அக்குவினாரும் அப்படியே. பால் விலக்கு தவக்காலத்துக்கு மட்டும்தான் எல்லார்க்கும் பொது, மற்ற நாட்களுக்கு ஊர் வழக்கம் என்கிறார். ஆண்டு முழுக்க எத்தனை வெள்ளிக்கிழமை, எத்தனை திருநாள் முந்தைய நாள், காலாண்டுக்கொரு முறை மூன்று நாள் நோன்பு வேறு. ஜூனிலும் செப்டம்பரிலும் பால் பெருகி ஓடும் நாட்களில் ஏன் அதே கண்டிப்பு இல்லை? ஏனென்றால் அப்போது பாலை விலக்கினால் வட ஐரோப்பாவின் பண்ணை வாழ்க்கை முடங்கிப்போகும். விலக்கினால் இழப்பு குறைவான காலத்தில் மட்டும் கண்டிப்பு நிலைத்தது. விதியைப் பிறப்பித்தது மாடு என்று சொல்லவில்லை. விதி எங்கே ஊன்றி நின்றது என்பதை மாடு தீர்மானித்தது என்கிறேன்.

கல்வெட்டு:

முதல் பதிவில் நீங்கள் எழுதியது வேறு, இப்போது எழுதுவது வேறு. இரண்டாவதற்கே பதில் சொல்கிறேன்.

இந்த விதி பிறந்த இடம் இங்கிலாந்து இல்லை. மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகள். 4ஆம் நூற்றாண்டிலேயே சின்ன ஆசியாவின் (இன்றைய துருக்கி) லவோதிக்கேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம், தவக்காலம் முழுக்க உலர் உணவு மட்டும் என்று விதித்துவிட்டது. 692இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம், ஆர்மீனியர்கள் தவக்காலச் சனி, ஞாயிறுகளில் முட்டையும் பாலாடைக்கட்டியும் உண்பதைக் கண்டித்துத் தனி விதியே எழுதியது.

அந்த நாடுகளில் பால் எப்போது பெருகும்? அங்கே கோடை வறட்சி, மழை இலையுதிர் காலத்திலும் குளிரிலும். மழைக்குப் பின் புல் எழும், செம்மறியும் வெள்ளாடும் குளிரில் குட்டி ஈனும், இளவேனிலில் பால் உச்சத்தில் இருக்கும். இத்தாலியில் மந்தைகள் இலையுதிர் காலத்தில் அப்ருட்சோ மலையிலிருந்து அபூலியா சமவெளிக்கு இறங்கி, மே மாதம் வாக்கில் மீண்டும் மலையேறும். 1447இல் நேப்பிள்ஸ் மன்னர் அல்போன்சோ அந்த மேய்ச்சலுக்கு வரி வசூலிக்கத் தனி அலுவலகமே வைத்தார். அந்த மந்தைகள் சமவெளியில் பால் சொரியும் மாதங்களுக்கு நடுவில்தான் தவக்காலம் வருகிறது. கூடவே ஆலிவ் எண்ணெய் தாராளமாகக் கிடைக்கிறது. ஆக, இந்த நோன்பு பிறந்த ஊரில் அது பற்றாக்குறைக்குப் பூசிய பெயர் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை, வேண்டுமென்றே, வேறொரு கொழுப்பு கையில் இருக்கும் தைரியத்தில் விடுவது.

அந்த விதியைத் தூக்கிக்கொண்டு ஆலிவ் விளையாத வடக்கே போனதுதான் சிக்கல். அங்கே ஆளுக்கு இருந்த கொழுப்பு வெண்ணெயும் பன்றிக் கொழுப்பும். இரண்டும் விலக்கு.

தொழுவம்:

கல்வெட்டு அண்ணன் செம்மறி பத்திச் சொன்னது சரியா இருக்கும்னு படுதுங்க. மேய்ச்சல் வர்ற நேரத்துல ஆட்டை ஈன வெக்கறதுதான் பல ஊர்லயும் நடைமுறை.

ஆனா வடக்கேயும் செம்மறிதான் பெரிய கறவையா இருந்திருக்குது. ஏட்டுச்சுவடி சொன்ன அதே ஹென்லி வால்டர், சதுப்பு மேய்ச்சல்ல 20 பெண் ஆடு ரெண்டு பசு கொடுக்கறதைக் கொடுக்கும்னு எழுதியிருக்காருன்னு படிச்சேன். 20 ஆட்டைக் கறக்கறதுன்னா என்னான்னு கறந்தவனுக்குத் தெரியும். ஒவ்வொண்ணையும் பிடிச்சு நிறுத்தி, குனிஞ்ச முதுகு நிமிராம, காலையிலயும் சாயந்திரமும். இதை யார் செஞ்சாங்க? பண்ணைப் பெண்ணுங்க. அந்தக் காலத்துப் பண்ணை விதிப் புத்தகத்துல பால் வேலை பார்க்கிற பெண் பாலோட நிக்கக் கூடாது, கோழி வாத்தையும் பார்க்கணும், நேரம் கிடைச்சா தானியமும் தூத்தணும், அடுப்பு நெருப்பையும் மூடி வெக்கணும்னு இருக்குதுங்க. அரண்மனைக்கும் மடத்துக்கும் கட்டி கட்டியா போன பாலாடைக்கட்டிக்குப் பின்னாடி அந்தப் பொண்ணோட கை இருக்குது. நோன்பு நாள்ல அவ கறந்ததை அவளே வாயில வைக்க முடியலைங்கறது என்னால சாதாரணமா கடந்துபோக முடியாத விசயமுங்க.

பனிமயம்:

தொழுவம் அண்ணன் சொன்னது மனதில் நிற்கிறது. ஆனாலும் கேட்கிறேன்: கையிலிருப்பதை விடுவதுதானே நோன்பு? இல்லாததை விடுவதில் என்ன தவம்? கல்வெட்டு தெற்கைப் பற்றிச் சொன்னது என் பக்கத்தைத்தான் வலுவாக்குகிறது. மத்தியதரைக் கடல் கிறிஸ்தவர்கள் ஆட்டுப்பால் நிறைந்த காலத்தில் அதை விட்டார்கள். நம்பிக்கையால்தான் விட்டார்கள்.

வடக்கில் சிரமம் இருந்தது என்பதைத் திருச்சபை அறியாமல் இல்லை. ஜெர்மனியின் சாக்சனியில் எண்ணெய் கிடைக்கவில்லை என்று ஆட்சியாளர் முறையிட்டார்கள். 1491இல் திருத்தந்தை எட்டாம் இன்னொசென்ட் வெண்ணெய்க்கு அனுமதி கொடுத்தார். சாக்சனியின் டிரெஸ்டன் நகரத்துக் கிறிஸ்துமஸ் ரொட்டி இன்று வெண்ணெய் மணக்கிறதென்றால் அந்தக் கடிதத்துக்கும் அதில் பங்குண்டு. அதுவும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பு கால ரொட்டிதான். மக்களின் குறையைக் கேட்டு விதியைத் தளர்த்துவது கொடுமையா?

கல்வெட்டு:

தளர்த்தியது கொடுமை இல்லை. தளர்வுக்கு விலை வைத்தது தவறு. அதைத்தான் நான் பேச வந்தேன்.

டிரெஸ்டன் கடிதத்தில் வெண்ணெய் உண்பவர் காணிக்கை செலுத்த வேண்டும், பணம் ஃபிரைபெர்க் பேராலயப் பணிக்குப் போகும். பிரான்சின் ரூவான் நகரில் பேராலயத்தின் தென்மேற்குக் கோபுரத்துக்கு வெண்ணெய்க் கோபுரம் என்றே பெயர். 1485இல் தொடங்கி 16ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் முடிந்தது. உயரம் 75 மீட்டர். தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றவர்கள் செலுத்திய காணிக்கை அதில் கல்லாக நிற்கிறது. ரூவான் இருப்பது நார்மண்டியில். பசும்புல்லும் பசுவும் நிறைந்த, ஆலிவ் மரம் இல்லாத மண். வெண்ணெய் இல்லாமல் அடுப்பெரியாத ஊரில் வெண்ணெய்க்குத் தடை, பிறகு தடையிலிருந்து விலக்கு, விலக்குக்குக் காணிக்கை. பூர்ஷ் நகரப் பேராலயத்திலும் அதே பெயரில் ஒரு கோபுரம் இருக்கிறது.

இதைக் கோபத்தோடு சொன்னவர்கள் நம் காலத்தவர் இல்லை. 1520இல் ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய நூலில் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதினார்: ரோமில் இருப்பவர்கள் நோன்பைக் கண்டு நகைக்கிறார்கள், தங்கள் செருப்புக்குக்கூடப் பூசாத எண்ணெயை நம்மை உண்ணவைக்கிறார்கள், அப்புறம் வெண்ணெய் உண்ணும் உரிமையை நமக்கு விற்கிறார்கள் என்று. அதற்கு எட்டு நூற்றாண்டுக்கு முன் கான்ஸ்டான்டிநோபிளில் எழுதிய சட்டத்தில் இல்லாத கசப்பு அதில் இருக்கிறது. ஏன்? வடக்கே எண்ணெய் தரமற்றது, விலையோ அதிகம். கையில் இருந்த பொருளுக்கு அனுமதி வாங்க வேண்டிய நிலை.

பனிமயம்:

லூத்தர் எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் காணிக்கை என்பது நடுக்காலச் சிந்தனையில் வெறும் விலை இல்லை. ஒரு தவத்தைச் செய்ய முடியாதவர் வேறொரு தவச் செயலால் அதை ஈடு செய்யலாம் என்பது பழைய வழக்கம். செபம், பிச்சையிடுதல், யாத்திரை, கோயில் கட்டக் கொடுத்தல். ரூவான் கோபுரத்தைக் கட்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள், அதன் மணியோசை கேட்டு வாழ்ந்தவர்களும் அவர்களே. எங்கள் ஊர்ப் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் பிடித்த மீனில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுத்ததும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வரி. கொடுத்தவர் பலருக்கு அது நேர்ச்சை.

அடுப்பங்கரை:

பனிமயம் தம்பி, நேர்ச்சை என்பது கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். கொடுக்காதவன் வெண்ணெய் தின்றால் பாவம் என்று இருக்கும்போது அதை நேர்ச்சை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தவிர, பாலிலும் பாலாடைக்கட்டியிலும் பத்தில் ஒன்று ஏற்கெனவே தசம பாகமாகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேல் இது. காணிக்கை கட்ட முடிந்தவன் வெண்ணெய் தின்றான், வாதுமை வாங்க முடிந்தவன் அதுவும் தேவையில்லாமல் தின்றான். அந்தக் கைம்பெண்ணுக்கு இரண்டுமே கிடையாது.

தொழுவம்:

ஒரு சந்தேகமுங்க. தடை இருந்தாலும் வீட்டுக்குள்ள யார் பார்த்தாங்க? என் பாட்டி விரதத்துல குழந்தைகளுக்கு மட்டும் தனியாச் சோறு ஆக்கிக் கொடுப்பாங்க. அங்கயும் குழந்தைக்குப் பால் கொடுத்திருப்பாங்க இல்லையா?

கல்வெட்டு:

சின்னக் குழந்தைக்குக் கொடுத்திருப்பார்கள், அதில் எனக்கும் ஐயமில்லை. ஒருசந்தி கட்டாயம் 21 வயது நிறைந்த பிறகுதான் என்று அக்குவினாரே சொல்கிறார். ஆனால் பெரியவர்களிடம் கண்காணிப்பு இருந்தது. ஆண்டுக்கு ஒரு முறையாவது பங்குக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்து (பாவங்களை அறிக்கையிட்டு) ஈஸ்டரில் நன்மை (திருப்பலியின் அப்பம்) வாங்க வேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் கட்டாயமாக்கியது. பாவசங்கீர்த்தனம் பெரும்பாலும் தவக்காலத்தில்தான் நடக்கும். அந்த நாற்பது நாளில் வெண்ணெய் தின்றாயா என்று நேரே கேட்க ஒருவர் இருந்தார். நம்புகிற மனிதனுக்கு அதைவிடப் பெரிய காவல் வேண்டாம்.

ஏட்டுச்சுவடி:

தெற்கத்தி ஆட்டுப்பால் வாதத்துக்கு என்னிடம் நேரடிப் பதில் இல்லை, அது வலுவானது. விதியின் பிறப்பை அது விளக்குகிறது. ஆனால் அது வடக்கில் நூற்றாண்டுக் கணக்கில் பெரிய கலகமில்லாமல் ஏன் ஓடியது என்பதை விளக்கவில்லை. எதிர்ப்பு பெரிதாக எழுவது 15ஆம் நூற்றாண்டின் கடைசியில். ஏன் அப்போது? 14ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோயில் மக்கள்தொகை சரிந்த பிறகு உழவு நிலம் புல்வெளியாகிறது, மாடு பெருகுகிறது, வெண்ணெய் சந்தைப் பொருளாகிறது. ஆண்டு முழுக்க வெண்ணெய் உண்ணப் பழகியவர்களுக்குத்தான் 40 நாள் தடை தாங்க முடியாததாகிறது. 1300இல் பிப்ரவரி மாதத்துக் குடியானவனிடம் விடுவதற்கு அதிகம் இருக்கவில்லை, அதனால் அவன் முறையிடவில்லை. மாடு பெருகியதும் விதி கசந்தது. இதில் மாட்டின் கணக்கு இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

கல்வெட்டு:

நீங்கள் இவ்வளவு நேரம் எழுதியதில் இதுவே நல்ல வாதம். ஆனால் 1300இல் அவன் முறையிடவில்லை என்பது எப்படித் தெரியும்? சாக்சனி ஆட்சியாளரும் ரூவான் நகரத்தாரும் முறையிட்டது நமக்குத் தெரியக் காரணம், அவர்களுக்கு எழுத்தர்களும் ரோமுக்குத் தூதனுப்பப் பணமும் இருந்தன. இங்கிலாந்தின் எசெக்ஸ் சதுப்பில் ஆடு கறந்தவளுக்கு இரண்டும் இல்லை. குரல் பதிவாகவில்லை என்பதால் பசி இல்லை என்று ஆகாது.

இங்கிலாந்தில் விதி எப்படித் தளர்ந்தது என்பதையும் பாருங்கள். 1538இல் எட்டாம் ஹென்றி ஓர் அரச அறிவிப்பால் தவக்காலத்தில் பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி, முட்டையை அனுமதித்தார். காரணமாகச் சொன்னது மீனின் தட்டுப்பாட்டையும் விலையையும். இறையியல் விவாதம் அதற்குத் தேவைப்படவில்லை. அதாவது பாலை விலக்கியதால் மக்கள் மீனை நம்ப வேண்டியிருந்தது, மீன் அவர்களுக்கு எட்டவில்லை என்பதை அரசே ஒப்புக்கொள்கிறது. 1538இல் எட்டாத மீன் 1300இல் குடியானவனுக்கு எட்டியதா?

பனிமயம்:

அதே இங்கிலாந்தில் 1563இல் எலிசபெத்தின் நாடாளுமன்றம் புதன்கிழமையையும் மீன் நாளாக்கியது. மதத்துக்காக இல்லை, மீனவரும் கப்பலோட்டிகளும் பெருக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். நோன்பைத் திருச்சபை விதித்தால் சுரண்டல், கடற்படைக்காக அரசு விதித்தால் கொள்கையா? திருச்சபையின் விதியிலாவது விடுகிறவனுடைய ஆன்மாவுக்கு ஓர் இடம் இருந்தது.

அடுப்பங்கரை:

தம்பி, அந்த 1563 சட்டம் தடுத்தது இறைச்சியை. அந்தக் கைம்பெண்ணின் பாலையும் கட்டியையும் அது கேட்கவில்லை. ஆன்மாவுக்கு இடம் கொடுத்த விதி அவள் கலயத்தைக் காலியாக்கியது. கப்பலுக்கு ஆள் தேடிய விதி அதைத் தொடாமல் விட்டது. எந்த விதி அவளுக்கு இரக்கம் காட்டியது என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.